தேங்காயெண்ணெய்த் தகட்டில் ஒரு நன்றி

என் மகனுக்குச் சயரோகம் வந்தது. இந்த ஒரு வரியை எழுத எனக்கு இத்தனை வருடம் எடுத்திருக்கிறது. நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் தாமதத்துக்குக் காரணம் அது இல்லை. அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. சட்டம் போட்டவன் அவன். காவல் காத்தவள் நான்.

தொண்ணூறுகளில் நாங்கள் இரண்டு பேரும் ஸ்காபரோவில், மல்வேர்ன் பக்கம், ஒரு வாடகைக் கட்டடத்தின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். அவன்தான் முதலில் வந்தவன். ஆறு பேரோடு ஒரு பேஸ்மென்ற் அறையில் படுத்து, பகலில் ஒரு வேலை, மாலையில் ஒரு வேலை என்று ஓடி, பிறகு என்னைக் கூப்பிட்டான். நான் வந்த இரண்டாம் பனிக்காலத்தில் அவனுக்கு இருமல் பிடித்தது. குளிர் என்றான். கடையில் தண்ணி மருந்து வாங்கிக் குடித்தான். காற்சட்டை இடுப்பில் நிற்காமல் பெல்ற்றில் புதிதாக ஓட்டை போட்டான். ஒரு காலை அவன் முகம் கழுவிவிட்டு வேலைக்கு ஓடிய பிறகு நான் குளியலறைக்குள் போனேன். வெள்ளைத் தொட்டியில், தண்ணீர் போகும் துவாரத்துக்குப் பக்கத்தில், பொட்டு வைத்த மாதிரிச் சிவப்பு.

எங்கள் பக்கத்தில் இதைக் கசம் என்பார்கள். என் சின்னம்மா கசத்தில் போனவர். அவருடைய கோப்பையைத் தனியாக வைத்திருந்தார்கள். அவர் செத்த பிறகு அவருடைய இரண்டு பெண்களுக்கும் மாப்பிள்ளை வரவில்லை. அந்தச் சிவப்பு எனக்குத் தெரிந்த சிவப்பு.

தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நின்ற நிலையிலேயே மாதாவுக்கு நேர்ந்தேன். "தாயே, இவனை எழுப்பித் தா. வெள்ளியில உருச் செய்து போட எனக்கு வசதியில்லை. ஆனால் நீ செய்ததை ஊரறியச் சொல்லுவன். ஒளிக்கமாட்டன்." ஒளிக்கமாட்டன் என்ற சொல் எப்படி என் வாயில் வந்ததோ தெரியாது. வந்துவிட்டது. நான் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை என்று அன்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆஸ்பத்திரியில் அவனை இரண்டு கதவு உள்ள அறையில் வைத்தார்கள். உள்ளே போகிறவர்கள் எல்லாரும் முகத்தை மூடிக்கொண்டு போனார்கள். நான் கதவில் இருந்த சின்னக் கண்ணாடியால் பார்ப்பேன். அவன் என்னைப் பார்த்துக் கையை அசைப்பான், போ போ என்கிற மாதிரி. வீட்டுக்கு வந்த பிறகும் மாதக்கணக்கில் மருந்துக் குளிசை. அவன் விழுங்குவதைக் கண்ணால் பார்ப்பதற்கென்றே ஒரு நேர்ஸ் பிள்ளை நாள்தோறும் வந்தாள். காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு, சட்டையில் குத்தியிருக்கும் அட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொல்லி அவளைக் கேட்டான். பாவம், அவளும் அப்படியே செய்தாள். எங்கள் மாடியில் நாலு தமிழ் வீடு. எல்லாருக்கும் நியூமோனியா என்று சொன்னோம்.

மாதா எழுப்பித் தந்தாள். பெல்ற் பழைய ஓட்டைக்குத் திரும்பி வந்தது. கடைசிக் குளிசை முடிந்த கிழமை நான் அவனிடம் சொன்னேன்.

"தம்பி, எனக்கொரு நேர்த்தி கிடக்கு. உனக்கு வந்ததையும் மாதா சுகமாக்கினதையும் ஊரறியச் சொல்லோணும்."

அவன் சிரித்தான். "பேப்பரில போடுவம் அம்மா. 'கேட்ட வரம் தந்த மாதாவுக்கு நன்றி' எண்டு எல்லாரும் போடுறவைதானே. கீழ ரெண்டு எழுத்து, பேரின்ர முதல் எழுத்து. விசயம் முடிஞ்சுது."

"என்ன வரம், ஆருக்கு வரம் எண்டு அதில இருக்குமோ?"

"ஏன் இருக்கோணும்?"

அந்த அறிவித்தல்களை நானும் பார்த்திருக்கிறேன். மரண அறிவித்தலுக்கும் காப்புறுதி விளம்பரத்துக்கும் நடுவில் ஒரு சின்னப் பெட்டி. நன்றி சொல்கிறவர் முகத்தை மூடிக்கொண்டு வந்து சொல்லிவிட்டு ஓடுகிற மாதிரி. நான் மாட்டேன் என்றேன். அவனும் அதை மறந்துவிட்டான்.

எனக்கு அப்போது ஹோட்டல்களின் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் வேலை. பெட்சீற்றுகளை மடிப்பது. ஒரு சீற்றுக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து, உதறி, நடந்து கிட்ட வந்து, கைக்குக் கை மாற்றி, திரும்பப் பின்னால் போய், மறுபடி கிட்ட வரவேண்டும். எட்டு மணித்தியாலமும் ஒரே முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். எனக்கு எதிரில் நின்றவள் மெக்சிக்கோக்காரி. என்னைவிடப் பத்து வயது இளையவள், கட்டையானவள், முன்பல்லில் ஒன்று தங்கம். என்னைச் சென்யோரா என்று கூப்பிடுவாள். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்த ஆங்கிலத்தை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். மீதியைக் கையாலும் முகத்தாலும் பேசினோம். அவள் சொன்னதாக நான் இங்கே எழுதுவது எனக்கு விளங்கிய விதம்.

ஒரு ஞாயிறு அவள் என்னைத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அடுப்புக்கு மேலே, சுவரில், ஒரு புத்தகமளவில் ஒரு தகரம். அதில் ஒரு படம் தீட்டியிருந்தது. பள்ளத்தில் கவிழ்ந்து கிடக்கிற பஸ். சக்கரங்கள் வானத்தைப் பார்க்கின்றன. யன்னலால் ஒரு ஆள் பாதி வெளியே தொங்குகிறான். மேலே மூலையில், முகிலுக்குள், எங்கள் நிறத்தில் ஒரு மாதா. கீழே எழுத்து.

"என்ர தம்பி," என்றாள். "பிழைச்சிட்டான். இதை நான்தான் கீறினது. எங்கட ஊர்க் கோயில் சுவர் முழுக்க இதுதான்."

என்னென்ன இருக்கும் என்று அவள் நடித்துக் காட்டினாள். குதிரையால் விழுந்தவன். பிள்ளை பெற முடியாமல் கிடந்தவள். களவுபோன பசு திரும்பி வந்ததற்கு ஒன்று. சிறை மறியலில் இருந்து வெளியே வந்ததற்கு ஒன்று. புருஷன் குடியை விட்டதற்கு ஒன்று. அதில் அவன் போத்திலோடு நிலத்தில் கிடக்க, பெண்சாதி முழங்காலில் நிற்கிறாளாம். ஒவ்வொன்றிலும் பெயர், ஊர், நடந்த நாள்.

"அந்தப் புருஷனும் அதே கோயிலுக்குத்தானே பூசைக்கு வாறவன்?" என்று கேட்டேன்.

"ஓம். முன் வாங்கில இருப்பான். தன்ர படத்தைப் பாத்துக்கொண்டு."

"வெக்கமில்லையோ அவனுக்கு?"

அவள் தோளைக் குலுக்கினாள். "குடிச்சது வெக்கம். விட்டது வெக்கமோ?"

அந்தக் கேள்வியை நான் பஸ்சில் வீடுவரை கொண்டு வந்தேன். வீட்டு விசயத்தை ஆணியில் தொங்கவிடுகிற சனம் என்று முதலில் எனக்கு ஒரு இளக்காரம் இருந்தது. மல்வேர்ன் நிறுத்தத்தில் இறங்கும்போது அது பொறாமையாகிவிட்டது.

அடுத்த கிழமை சீற்று மடித்துக்கொண்டே அவளுக்கு எல்லாம் சொன்னேன். கிட்ட வரும்போது ஒரு சொல், திரும்பக் கிட்ட வரும்போது அடுத்த சொல். தமிழ் ஆட்களில் ஒருவருக்கும் சொல்லாததை அவளிடம் சொல்ல எனக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது. ஆவணியில் எங்கள் சனமெல்லாம் வடக்கே மலைமேல் உள்ள கோயிலுக்குத் திருநாளுக்குப் போகும், அங்கே மாதாவின் காலடியில் வைக்க எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன்.

"டின் கொண்டு வா," என்றாள்.

தேங்காயெண்ணெய் வாங்கிய பெரிய டின் ஒன்றைக் கழுவிக் கொடுத்தேன். அவள் வெட்டி, தட்டி நிமிர்த்தி, விளிம்பை மடித்தாள். பின்பக்கத்தில் தென்னைமரப் படம் அப்படியே இருந்தது. முன்பக்கத்துக்கு என் மகனைக் கோட்டும் ரையும் போட்டு, நிமிர்ந்து நிற்கிற மாதிரித் தீட்டச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"நல்லா நிக்கிறவனுக்கு எதுக்கு நன்றி? பாஸ்போட் படமோ இது? விழுந்ததைத்தான் போடோணும். இல்லாட்டி தான் என்ன செய்தனெண்டு மாதாவுக்கே விளங்காது."

ஆகவே அவன் கட்டிலில் கிடந்தான். முகமூடி போட்ட இரண்டு நேர்ஸ்மார். கதவுக் கண்ணாடியில் சின்னதாக என் முகம். அவள் என்னைக் கறுப்பாகவும் சரியான கோபக்காரியாகவும் தீட்டியிருந்தாள். பிழை சொல்லமுடியாது. இடது பக்கத்தில் வெள்ளைத் தொட்டி, அதில் சிவப்பு. மேலே முகிலுக்குள் எங்கள் மாதா. நான் கொடுத்த படத்தைப் பார்த்து, தலையில் கிரீடமும் கையில் குழந்தையும் சரியாகப் போட்டிருந்தாள்.

கீழே எழுத்து. எங்கள் ஆட்களில் யாரிடம் கேட்க? நானே எழுதினேன். தாளில் மூன்று கிழமை எழுதினேன். அவள் அந்த எழுத்துகளை, என்ன எழுத்தென்று தெரியாமலே, வளைவுக்கு வளைவு பார்த்துத் தகட்டில் கீறினாள். பெயர்கள் இங்கே இல்லை. மீதி இதுதான்: "இன்னாருடைய மகன் இன்னார் சயரோகம் வந்து சாகக் கிடந்தான். மாதா எழுப்பினா. நான் அவன் தாய் இன்னார். ஒளிக்கவில்லை."

அந்தத் தகட்டைத் துவாயில் சுற்றி என் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். அதுவரை என் வாழ்நாளில் நான் எழுதிய நீளமான எழுத்து அதுதான். இருந்திருந்து எடுத்துப் பார்ப்பேன். பெருமையாக இருக்கும்.

ஆடி மாதம் அவனுக்கு ஒரு சம்பந்தம் பொருந்தி வந்தது. மொன்றியலில் இருக்கிற குடும்பம், மாதாவைக் கும்பிடுகிற எங்கள் வேதம், நல்ல பிள்ளை. ஆவணித் திருநாளில் கோயிலடியிலேயே இரண்டு பகுதியும் சந்திப்பது என்று பேச்சு. திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவன் பயணப் பை தேடி என் கட்டிலுக்குக் கீழே குனிந்தான்.

"அம்மா, உது என்ன?"

"பாத்தாத் தெரியேல்லையோ? நீதான்."

அவன் யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "தேங்காயெண்ணெய் டின்னில என்னைக் கீறி வச்சிருக்கிறியள்!"

"கீறினது நானில்லை. எழுதினதுதான் நான்."

"பேரும் போட்டிருக்கிறியள். முழுப் பேர். அப்பான்ர பேரும்."

"எந்தப் பெடியன் எண்டு மாதாவுக்குத் தெரிய வேணுமெல்லோ."

"மாதாவுக்குத் தெரியும் அம்மா! மொன்றியல்காரருக்குத்தான் தெரியக்கூடாது!"

"நான் வாக்குக் குடுத்தனான், மோனை."

"என்னைக் கேட்டோ குடுத்தனீங்கள்? வருத்தம் என்ர. ஆரும் சொல்லுறதெண்டால் நான் சொல்லோணும்."

"அப்ப நீ சொல்லன்."

அவன் சட்டைப் பையில் இருந்து கார்த் திறப்பை எடுத்தான். தகட்டை மேசையில் வைத்து, தொட்டியில் இருந்த சிவப்பைச் சுரண்டினான். எழுத்தைச் சுரண்டவில்லை. தன் முகத்தையும் சுரண்டவில்லை. அந்தச் சிவப்பை மட்டும். தகரம் கிறீச்சிடுகிற சத்தத்தில் என் பல் கூசியது. சுரண்டி முடித்துத் தூளை ஊதினான். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"உதைக் கோயிலுக்குக் கொண்டு வாறதெண்டால் நான் வரமாட்டன். கலியாணமும் வேண்டாம். பிறகு நீங்களும் உங்கட மாதாவும் இருங்கோ."

அவன் சொன்னதில் ஞாயம் இல்லை என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். வருத்தம் அவனுடையது. ஆனால் நேர்த்தி என்னுடையது. ஒரு நேர்த்தியை இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதியாக வைத்திருக்க முடியாது. தகட்டைத் திரும்பத் துவாயில் சுற்றினேன்.

திருநாளுக்கு வெறுங்கையோடு போனேன். புல்வெளி முழுக்கத் தமிழ்ச் சனம். சோற்றுப் பார்சலும் மெழுகுதிரியும் பட்டுச் சேலையுமாக ஒரே இரைச்சல். பெண்ணின் தாய் என் பக்கத்தில் குடைக்குக் கீழே நின்றார். மாதாவின் சுரூபத்தைத் தோளில் தூக்கி வெளியே கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். அவர் என் மகனை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என் காதருகில் குனிந்தார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. தம்பி கொஞ்சம் மெலிவாய் இருக்கிறார். முந்தி ஏதும் வருத்தம் கிருத்தம்?"

மாதா எங்கள் நேருக்கு வந்துவிட்டாள். தூக்கியவர்கள் தோள் மாற்றுவதற்காக அந்த இடத்திலேயே நின்றார்கள். வேறு இடம் கிடைக்கவில்லை அவர்களுக்கு.

"சீ, சீ," என்றேன். "தும்மல் தடிமன்கூட வாறேல்லை அவனுக்கு. எங்கட வழியில எல்லாரும் ஒல்லிதான்."

"குடுத்து வச்சனீங்கள்," என்றார் அவர்.

அவனில் மட்டும் பழியைப் போட எனக்கு வாய் வராது. அவன் என்னைத் தகட்டைக் கொண்டு வரவேண்டாம் என்றுதான் சொன்னான். தடிமன்கூட வருவதில்லை என்று சொல்லச் சொல்லவில்லை. 'சின்ன வருத்தம் ஒண்டு வந்தது, இப்ப சுகம்' என்று சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் செபமாலையை உருட்டியிருக்கலாம். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன். அந்தச் சம்பந்தக்காரிக்கு முன்னால் என் வீட்டைக் குறைத்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை. என் சின்னம்மாவின் கோப்பை என் கண்ணுக்கு முன்னால் நின்றது.

திங்கட்கிழமை வேலையில் மெக்சிக்கோக்காரி சீற்றைப் பிடித்தபடியே கேட்டாள். "வச்சாச்சோ? உங்கட சனம் பாத்ததோ?"

"பாத்தது," என்றேன்.

கிட்ட வந்து கைக்குக் கை மாற்றும்போது அவள் என் முகத்தைப் பார்த்தாள். எட்டு மணித்தியாலம் பார்த்துப் பழகிய முகத்தில் பொய்யை மறைக்க முடியாது. முனையை உதறிக்கொண்டு பின்னால் போனாள். மத்தியானம் சாப்பாட்டு வேளையில்தான், "இங்க எங்கட கோயிலில எங்கட ஆக்களுக்கு ஒரு சுவர் தந்திருக்கினம். கொண்டு வா," என்றாள்.

இரண்டு பஸ்சும் ஒரு சப்வேயும். நகரத்தின் மேற்குப் பக்கம். எனக்கு ஒரு சொல்லும் விளங்காத பூசை. பூசை முடிய அவள் துவாயை விரித்தாள். சுரண்டிய இடத்தைக் கண்டாள். விரலால் தடவினாள்.

"ஆர்?"

"அவன்தான்."

"பெயின்ற் இருக்கு. திரும்பப் போடுவன்."

"வேண்டாம். சுரண்டினதும் நடந்ததுதானே. இருக்கட்டும்."

அவள் ஆணி அடித்தாள். நாலைந்து பேர் கூடினார்கள். கட்டில், முகமூடி, கண்ணாடிக்குள் கோபக்காரி என்று ஒவ்வொன்றாகத் தொட்டு அவர்களுக்குத் தங்கள் பாஷையில் சொன்னாள். ஒரு வயதாளி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தார். ஒரு பெண் என்னைக் கட்டிப்பிடித்து, ஏதோ சொல்லி, அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. என் மகன் பிழைத்ததற்காக என்னைக் கட்டிப்பிடித்த முதல் ஆள் அவள். யாரென்று தெரியாது. அவளுக்கும் என்னைத் தெரியாது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கலியாணம் நல்லபடி நடந்தது. ரூஜில் புது வீடு வாங்கினார்கள். எனக்குக் கீழே ஒரு அறை தந்தார்கள். மெக்சிக்கோக்காரி அடுத்த வருடமே தன் தம்பியிடம் போய்விட்டாள். என் எதிரில் வேறொருத்தி வந்து நின்றாள்.

பேரன் பிறந்து, அவனுக்கு ஏதோ ஒரு படிவம் நிரப்பிய நாள் ஒன்று. மருமகள் சாப்பாட்டு மேசையில் பேனையோடு இருந்தாள். "மாமி, எங்கட வீட்டில ஒருத்தருக்கும் ரீபி வந்ததில்லைத்தானே?" சயரோகத்துக்கு இங்கே அதுதான் பெயர். கேட்டபடியே அவள் பேனை 'இல்லை' என்கிற பெட்டிக்குப் போய்விட்டது. மகன் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கழுத்து அசையவில்லை.

"இல்லைப் பிள்ளை," என்றேன்.

குடைக்குக் கீழே, சீற்றுக்குக் குறுக்கே, இந்த மேசையில்: மூன்று முறை மறுத்தாயிற்று.

வருடத்துக்கு ஒரு முறை, ஆவணித் திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, நான் தனியாக அந்தக் கோயிலுக்குப் போய்வந்தேன். வீட்டில் டொக்டரிடம் போகிறேன் என்பேன். அந்தச் சுவரில் பஸ்சும் ஆஸ்பத்திரியும் எல்லைக் கம்பி வேலியும் கிடக்கும். நடுவில் என்னுடையது. நிறங்கள் மங்கிக்கொண்டு போனாலும் சுரண்டிய இடம் மங்கவில்லை. வெறுந் தகரம் மெழுகுதிரி வெளிச்சத்தில் மினுங்கும். வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள். சிவப்பாக இருந்திருந்தால் அவ்வளவு தெரிந்திராது.

கீழே, "ஒளிக்கவில்லை" என்று என் எழுத்து. அதை வாசிக்கத் தெரிந்த ஒருவரும் அந்தக் கோயிலுக்கு வருவதில்லை. மாதாவுக்குத் தமிழ் தெரியும், அவள் வாசிப்பாள் என்று மனதைத் தேற்றலாம். ஆனால் சொல்லுவன் என்று நான் நேர்ந்தது அவளுக்குச் சொல்வதற்கு இல்லை. ஊருக்கு.

இப்போது ஊருக்கு எழுதுகிறேன். எழுதி முடித்துவிட்டு, முதலில் போட்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். அவனுடையதை வெட்டினேன், அவன் தகப்பனுடையதை வெட்டினேன், என்னுடையதையும் வெட்டினேன். பேரனுக்கும் ஒரு நாள் சம்பந்தம் பேசவேண்டி வரும். ஆகவே இதுவும் நேர்த்தியில் சேராது. முழுப் பெயரோடு நாங்கள் இருப்பது அந்தத் தகட்டில் மட்டும்தான்.